ஓட்டை அல்ல, குழி

டிவியில் ஓர் அமெரிக்கச் சிறைப் படம். "அவனை ஓட்டையில் போடு" என்று கீழே தமிழ் வரி ஓடுகிறது.

ஆங்கில வசனத்தில் இருந்தது 'தி ஹோல்'. சிறைப் பேச்சில் அது கைதியைத் தனியே அடைக்கும் தண்டனைக் கொட்டடி. குழி என்று போட்டிருந்தால் அந்த இருட்டாவது வந்திருக்கும்.

1963இல் மூடப்பட்ட அமெரிக்காவின் அல்காட்ராஸ் சிறையில், டி பிளாக்கில் 42 அறைகள். அவற்றில் 9 முதல் 14 வரை உள்ளவைதான் 'ஹோல்'. கம்பிக் கதவுக்கு வெளியே இன்னொரு கெட்டி இரும்புக் கதவு. அதைச் சாத்தினால் கும்மிருட்டு.

நியூயார்க் கைதிகளுக்கு அது 'பாக்ஸ்'.

பிரிட்டனில் 'பிளாக்'. மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். கைதி 'டவுன் தி பிளாக்' என்றால் தெருக்கோடியில் இல்லை, தனிமையில் கிடக்கிறான்.

'ஷூ' காலணியும் அல்ல. கலிபோர்னியாவில் 'செக்யூரிட்டி ஹவுசிங் யூனிட்' என்பதன் சுருக்கம். 1989இல் திறந்த பெலிகன் பே சிறையில் இந்த அறைகளுக்கு ஜன்னலே இருந்ததில்லை. நாளில் 22 மணி நேரத்துக்கு மேல் உள்ளேதான் கிடந்தார்கள் கைதிகள். இதற்குப் போய் 'ஹவுசிங்', அதாவது குடியிருப்பு, என்று பெயர்! கைதிகள் வைத்த பெயர்களே நேர்மையானவை.

தொடர்ந்து 15 நாளுக்கு மேல் இப்படி அடைக்கக் கூடாது என்கின்றன 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள்.