தண்ணி அடிப்பீங்களா சார்?

ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்', அதாவது கல்லீரலில் நடுத்தர அளவுக்குக் கொழுப்பு, என்று வந்ததிலிருந்து என்னிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இல்லைங்க, ஒரு பீர்கூடக் குடித்ததில்லை. சோறு, டீ, பஜ்ஜி, நாற்காலி, அவ்வளவுதான் என் கெட்ட பழக்கம்.

2023-இல் மருத்துவ அமைப்புகள் கூடி இந்த நோயின் ஆங்கிலப் பெயரையே மாற்றிவிட்டன. 'மதுசாராத', 'கொழுப்பு' என்ற சொற்கள் நோயாளியைக் கூச வைக்கின்றன என்பதும் அதற்கு ஒரு காரணம். நம்ம ஊர் கல்யாண வீடுகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

வலியே இல்லையே, அப்புறம் என்ன என்கிறார்கள். வலி இல்லைதான், வலது விலாவுக்குக் கீழே எப்போதாவது ஒரு கனம், அவ்வளவே. ஆனால் அசதி இருக்கிறதே, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவன் மாதிரி இருப்பது, மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீஸில் ஒரே மெயிலை நாலு தடவை படிப்பது, மகள் இறகுப்பந்து மட்டையோடு வந்து நின்றால் "நாளைக்குடா கண்ணு" என்று சொல்வது, இதெல்லாம் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை எஸ்ஜிபிடி நார்மல். நான்தான் நார்மலாக இல்லை.

எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கொழுப்பும் வீக்கமும் நன்றாகவே குறையுமாம். 84 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் ஆறிலிருந்து எட்டரை கிலோ. இதுவரை இரண்டு போயிருக்கிறது. நேற்று மகளோடு பத்து நிமிடம் விளையாடினேன். தோற்றேன்.