காற்றுக் குடித்த பீர் பம்பு

லீட்ஸில் இருக்கும் மச்சான் போன வருடம் ஊருக்கு வந்தபோது பெட்டியில் ஒரு பழைய பீர் பம்பைச் சுமந்து வந்தார். இங்கிலாந்து பப்களில் மேசைமேல் நீளக் கைப்பிடியோடு நிற்குமே, அதுதான். அங்கே பீப்பாய் நிலவறையில் இருக்கும். வாயுவை வைத்து மேலே தள்ளுவதில்லை, கையால் இழுத்தால்தான் வரும். எங்கள் ஏற்காட்டு வீட்டு வராந்தாவில் பலகை அடித்து அதைப் பொருத்தினோம்.

நம்மூர் பாட்டில் பீர் இதற்கு ஒத்துவராது. அதில் ஏற்றியிருக்கும் வாயுவுக்கு, இழுத்தால் தம்ளர் முழுக்க நுரைதான். அதனால் எங்கள் பாரில் காப்பி. தோட்டத்துக் கொட்டையைக் கொரகொரப்பாக அரைத்து, பச்சைத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, பலகைக்குக் கீழே 10 லிட்டர் கேனில் வைத்துவிடுவோம். ஒரு இழுப்புக்கு அரை பைன்ட், அதாவது 284 மில்லி. மூக்கு நுனியில் உள்ள பொடித் துளைகளில் பீய்ச்சி வரும்போது டீக்கடையில் ஆற்றியது போல நுரை கட்டும்.

ஒரு மாதம்தான் ஒழுங்காக ஓடியது. அப்புறம் முதல் இரண்டு இழுப்புக்கு வெறும் காற்று, மூன்றாவதில் கொஞ்சம் காப்பி, கூடவே 'கர்ர்' என்று இருமல். பத்து நிமிடம் சும்மா விட்டால் மறுபடி முதலிலிருந்து.

பிஸ்டன் வாஷர் காய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிப் பிரித்தேன். வாஷர் நன்றாகத்தான் இருந்தது. பிரித்ததுதான் பிரித்தோம் என்று தேங்காய் எண்ணெய் தடவி மாட்டினேன். மார்கழி மாதம், ஏற்காடு! காலையில் கைப்பிடி அசையவே இல்லை. எண்ணெய் சிலிண்டருக்குள் உறைந்து போயிருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, காப்பி மெஷின் பழுது பார்ப்பவரிடம் உணவுக்கு ஆகும் சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் வாங்கித் தடவியதில் கைப்பிடி சரியானது. காற்று மட்டும் நிற்கவில்லை.

சித்தப்பா ஒரு காரணம் சொன்னார்: "மலைமேல காத்தழுத்தம் கம்மிடா, இழுக்காது." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1,500 மீட்டர் உயரத்திலும் கணக்குப்படி எட்டு மீட்டருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சலாம். என் கேன் பம்புக்கு மூன்றடி கீழே இருக்கிறது.

கடைசியில் கிணற்று மோட்டார் பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன். சேலம் அடிவாரத்தில் கடை. போனில் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "தண்ணி ஒழுகுதுங்களா?" என்றார். ஒரு சொட்டுகூட இல்லை என்றேன். "அப்ப தண்ணிய உறிஞ்சற சக்‌ஷன் பக்கம்தாங்க. வெளிய தள்ளற டெலிவரில ஓட்டைன்னா வெளிய ஒழுகும், சக்‌ஷன்ல ஓட்டைன்னா உள்ள காத்து இழுக்கும். ஃபுட் வால்வையும் பாத்துடுங்க."

கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிக்கவும் அவரே வழி சொன்னார். ஒரு வாளித் தண்ணீரைப் பலகைமேல் வைத்து, கீழே இருக்கும் குழாயை அதில் விட வேண்டும். இப்போது தண்ணீர் மேலிருந்து அழுத்துவதால், காற்று நுழைந்த இடத்தில் தண்ணீர் கசியும். வாளியின் தண்ணீர் மட்டம் பம்பின் மூக்கைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். முதல் தடவை நான் ஸ்டூல் போட்டு உயர்த்தி வைத்துவிட்டேன். பம்பு தானாகவே ஊற்றி வராந்தாவைக் கழுவிவிட்டது.

இரண்டாவது தடவை, சிலிண்டரின் அடிமுனையில், குழாயை இறுக்கும் கிளிப்புக்குக் கீழே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது. தப்பு என்னுடையதுதான். பம்போடு வந்த குழாய் நீளம் பற்றாமல், ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூபை வாங்கி மாட்டியிருந்தேன். பம்பின் முனை 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. டியூபின் உள்விட்டம் 10 மி.மீ. கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் அந்த அரை மில்லிமீட்டர் ஏதோ ஒரு மடிப்பில் போய் ஒளிந்துகொள்கிறது. காப்பி போகிற வழியில் அந்த டியூபை மாட்டியதே தவறு, அது தனிக்கதை. உணவுக்கு ஆகும், நூல் பின்னிய 8 மி.மீ. ஹோஸ் வாங்கி, நுனியைச் சுடுதண்ணீரில் முக்கி இளக்கி ஏற்றினேன். மெல்லிய சிலிக்கான் குழாய் வேண்டாம், இழுக்கும்போது அமுங்கி ஒட்டிக்கொள்ளும்.

இருமல் நின்றது. ஆனால் பத்து நிமிடம் கழித்து இழுத்தால் இன்னும் வெறும் காற்று. அவர் சொன்ன 'ஃபுட் வால்வு', கேனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒருவழி வால்வுதான். பிரித்தால், உள்ளே காப்பிப் பொடி சேறு மாதிரி. வால்வு முழுதாக மூடாமல், குழாயில் நின்ற காப்பியெல்லாம் கேனுக்கே இறங்கியிருக்கிறது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இரண்டு நிமிட வேலை. இப்போதெல்லாம் வெள்ளை வேட்டித் துணியில் இரண்டாம் தடவையும் வடிகட்டுகிறேன். வாரம் ஒரு முறை குழாயில் வெந்நீர் ஓட்டுகிறேன்.

மச்சானிடம் சொல்லி வரவழைத்த வாஷர் செட் பிரிக்காமல் மேசை டிராயரில் கிடக்கிறது.