அளவுக் கொப்பி

இன்று காலை மழை விட்ட நேரம் பார்த்து மூன்று யார் சீத்தைத் துணியை நனைத்துக் கொடியில் போட்டேன். "நனைக்காமல் வெட்டாதை பிள்ளை, பிறகு சட்டை ஏறிப்போகும்" என்று அம்மா இரண்டு தரம் சொல்லிவிட்டா.

பருத்தி அப்படித்தான். சுருங்கவேண்டியதை முதல் தண்ணீரிலேயே சுருங்கவிட வேண்டும்.

துணி காயும்வரை அம்மாவின் பழைய அளவுக் கொப்பியை எடுத்தேன். கிளிநொச்சியில் இருந்து முள்ளிவாய்க்கால் வரை, பிறகு முகாம், பிறகு வீடு என்று உடுப்புப் பையின் அடியில் கிடந்தே வந்த கொப்பி.

என் பெயருக்கு நேரே 2007 இல் மார்பு 26. அதைக் கோடு போட்டு வெட்டி, 2010 இல் 30.

இடையில் ஒன்றும் இல்லை.

அந்த வருடங்களிலும் நான் வளர்ந்திருக்கிறேன்தானே. யாரோ தந்த சட்டைகளுக்குள், கை நீளமோ கட்டையோ என்று பாராமல்.

வருகிற வருடம் எங்கள் வீட்டுக்குக் கடைச்சட்டை வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்கு மகளுக்குப் பாவாடை சட்டை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எனக்கு ஒரு நீளச்சட்டை, இரண்டு பக்கமும் பொக்கற் வைத்து. அதற்குள் கொலர் வைக்கப் பழகிவிட வேண்டும், அது இன்னும் கைக்கு வரவில்லை.

எல்லாவற்றுக்கும் முதல் அம்மாவுக்கு, முன்னால் தெறி வைத்த வீட்டுச்சட்டை. கையைத் தூக்கிப் போட அவவுக்கு இப்போது கஷ்டம்.

அம்மாவின் அளவைக் கொப்பியில் தேடினேன். ஊரில் பாதிப் பேருடையது இருக்கிறது. அவவுடையது இல்லை.

பின்னேரம் அளவு நாடாவோடு போய், அவவை எழுப்பி நிற்கவைத்து அளந்து எழுதினேன்.