உச்சிவெயிலும் சட்டைப்பைக் கேமராவும்: சென்னை நாட்குறிப்பு

ஜனவரி 8, 2025. மயிலாப்பூர்

கோவையில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் வேலை செய்வதால், சில மாதங்களுக்கு ஒருமுறை சென்னையிலுள்ள முகவர்களைப் பார்க்க வரவேண்டியிருக்கிறது. பகலின் பெரும்பகுதி கிண்டிக்கும் பாரிமுனைக்கும் போய்விடும். எஞ்சுவது விடியற்காலை, மதிய இடைவேளை, இரவு ரயிலுக்கு முந்தைய ஓரிரு மணி நேரம் ஆகியவைதான். அந்த நேரங்களில் எடுக்கும் படங்களைப் பற்றி இங்கே குறித்துவைக்கிறேன்.

கேமரா ரிக்கோ ஜிஆர் 3. பேட்டரியும் மெமரி கார்டும் சேர்த்து 257 கிராம், சட்டைப்பையில் அடங்கிவிடும். ஒளியைப் பதியும் சென்சார் ஏபிஎஸ்-சி அளவு, அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் கட்டத்தைவிடச் சிறியது, 24 மெகாபிக்சல். லென்ஸை மாற்ற முடியாது, ஜூம் இல்லை, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் இல்லை. அந்த ஃபிலிம் அளவான முழு ஃபிரேம் கணக்கில் 28 மி.மீ. லென்ஸுக்குரிய அகலமான கோணம் ஒன்றே உண்டு. விலைப்பட்டியலோடு கடைக்குள் நுழைபவன் தோளில் பெரிய கேமரா தொங்கினால் முகவர் என்ன நினைப்பார் என்பது எனக்குத் தெரியுமாதலால், இந்தக் குறைகளை நான் குறைகளாகவே எண்ணுவதில்லை.

இன்று ஐந்தரை மணிக்கே மாட வீதிக்கு வந்துவிட்டேன். மார்கழி பஜனைக் குழு ஒன்று ஆர்மோனியத்துடன் வடக்கு மாட வீதியில் திரும்பிக்கொண்டிருந்தது. பாபநாசம் சிவன் ஒரு காலத்தில் முன்னின்று பாடி நடந்த வீதிகள் இவை. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் லென்ஸ் துளையை முழுதாகத் திறந்து எஃப் 2.8, ஒளியுணர்திறனைக் கூட்டி ஐஎஸ்ஓ 3200 என்று வைத்தும் ஷட்டர் வேகம் நொடியில் அறுபதில் ஒரு பங்குக்கு மேல் ஏறவில்லை. ஆனால் பாடிக்கொண்டு நடப்பவர்கள் மெதுவாகத்தான் நடப்பார்கள். அந்த வேகமே போதுமானதாக இருந்தது.

சந்து ஒன்றில் கோலத்தைப் படமெடுக்கக் குனிந்தபோது, போட்டுக்கொண்டிருந்த மாமி நிமிராமலேயே, "இருங்கோ, காவி இன்னும் இடலை" என்றார். செம்மண் கரை இல்லாத கோலத்தை அவர் முடிந்த கோலமாகக் கருதவில்லை. காத்திருந்து எடுத்தேன். காவி இட்ட பிறகு அந்தக் கோலம் படத்துக்கும் சட்டம் போட்டாற்போல் அமைந்துவிட்டது.

ஜனவரி 9. கிண்டி

முழு நாளும் கூட்டங்கள். படம் எதுவும் இல்லை. ரயிலில் உட்கார்ந்து கேமராவில் ஸ்னாப் ஃபோகஸ் தூரத்தை மட்டும் 2.5 மீட்டருக்கு மாற்றினேன். ஷட்டர் பொத்தானை ஒரேயடியாக அழுத்தினால், கேமரா ஃபோகஸ் தேடாமல் நாம் முன்பே குறித்த தூரத்தில் படத்தை எடுத்துவிடும். துளையைச் சுருக்கி எஃப் 8இல் இந்த லென்ஸுக்கு 2.5 மீட்டர் என்று வைத்தால், ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாமே தெளிவாக விழும். நெரிசலான தெருவில் இதைவிட வேகமான தானியங்கி ஃபோகஸ் எதுவும் கிடையாது என்பது என் கருத்து.

ஏப்ரல் 23. காசிமேடு

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸில் பனி படியும். கேமராவின் உடல் குளிர்ந்திருக்க, கடற்கரைக் காற்றின் ஈரம் அதன்மேல் நீராக இறங்குகிறது. அதனால் இரவிலேயே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளியலறை ஜன்னலோரம் வைத்துவிடுகிறேன். விடிவதற்குள் அது வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிடும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது; ஃபைபர் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. காசிமேட்டை ஏலக் கூச்சலோடு எடுத்த படங்களே எங்கும் கிடைக்கின்றன. தடைக்காலத்துக் காசிமேடு வேறு ஊர். படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன, பலகைகளைச் சுரண்டிப் புதுச் சாயம் பூசுகிறார்கள், தார்ப்பாய் நிழலில் வலைகளைச் சரிபார்க்கிறார்கள். ஆட்கள் ஒரே இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதால் பேச்சுக்கும் நேரம் இருக்கிறது.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எந்த சேனலு தம்பி?" என்று கேட்டார். சேனல் எதுவும் இல்லை, எனக்காகத்தான் எடுக்கிறேன் என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. எடுத்த படத்தைத் திரையில் காட்டியதும் கூர்ந்து பார்த்துவிட்டு, "முடிச்சே தெரியலையே, கிட்ட வந்து எடு" என்றார். 28 மி.மீ. லென்ஸைப் பற்றி நான் வாசித்த பாடங்கள் எல்லாம் இதைத்தான் சுற்றிவளைத்துச் சொல்லியிருக்கின்றன. மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ முறைக்கு மாற்றி, நைலான் இழையை இழுக்கும் அவருடைய விரலிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து எடுத்தேன். அதை மறுபடி காட்டியபோது தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

ஏப்ரல் 24. ஜார்ஜ் டவுன்

காலை பத்து முதல் மாலை நான்கு வரை கேமராவைப் பைக்குள் வை என்பது படம் எடுக்கத் தொடங்கும் எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை. வேலை நிமித்தம் பயணம் போகிறவர்களுக்கு இது பயன்படாத அறிவுரை மட்டுமல்ல, சென்னையின் பழைய தெருக்களைப் பொறுத்தவரை தவறான அறிவுரையும்கூட என்று இன்றைக்குப் பிறகு உறுதியாகச் சொல்வேன்.

சென்னை ஏறக்குறைய 13 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி மற்றொரு முறை. அறிவியல் இயக்கத்தினர் இதை நிழலில்லா நாள் என்று பள்ளிகளில் கம்பு நட்டுக் காட்டுவார்கள். இன்று உச்சி பகல் 12 மணி 7 நிமிட அளவில். தம்புச் செட்டித் தெருவில் முகவரோடு பேச்சு பதினொன்றே முக்காலுக்கு முடிந்துவிட்டது. அடுத்த சந்திப்பு இரண்டு மணிக்கு.

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு மூன்றும் வடக்கு தெற்காக ஓடுபவை. காலையிலும் மாலையிலும் ஒருபக்கக் கட்டடங்களின் நிழல் தெருவை முழுதாக மூடிவிடும். மேலே வானம் வெளுத்திருக்கும், கீழே தெரு மந்தமாக இருக்கும். உச்சிவேளையில்தான் வெயில் தெருவின் தரையைத் தொடுகிறது. அப்போது நடப்பது வேடிக்கையான காரியம். தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கடைகளின் தகர இறக்கங்களுக்கு அடியில் கீழிருந்து மேலாக ஏறுகிறது. வெயிலில் நடப்பவரின் கண்குழிகள் இருண்டுபோக, நிழலில் ஒதுங்கி மோர் குடிப்பவரின் முகம் மட்டும் மென்மையாக ஒளிர்கிறது. ஸ்டூடியோக்காரர்கள் வெள்ளைப் பலகை பிடித்துச் செய்யும் வேலையை இங்கே சாலை செய்கிறது.

ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் 1/800. முழு வெயிலுக்கு இது பழைய கணக்கு, மீட்டரைப் பார்க்கவே வேண்டாம். நிழலில் இருப்பவருக்கு இந்த அளவு போதாது. மூன்று படியாவது குறையும்; ஒரு படி என்றால் ஒளி பாதியாவது. சாலையை வெளுக்கவிட்டு முகத்துக்கு அளவெடுப்பதா, முகத்தை இருளவிட்டுச் சாலையைக் காப்பதா என்று கொஞ்ச நேரம் இரண்டையும் செய்துபார்த்தேன். கடைசியில் இறக்கத்தின் விளிம்பில், நிழல் முடிந்து வெயில் தொடங்கும் கோட்டுக்கு ஓர் அடி உள்ளே நிற்பவர்களை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன். தெறிக்கும் ஒளி அங்கேதான் மிகுதி. இரண்டுக்கும் நடுவான ஓர் அளவில் எடுத்துவிட்டால், மீதியை, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

இன்றைய சிறந்த படம் காளிகாம்பாள் கோயிலுக்குச் சற்றுத் தள்ளிக் கிடைத்தது. அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய மீன்பாடி வண்டி ஒன்று நெரிசலில் நின்றுவிட, வண்டிக்காரர் இருக்கையிலிருந்து இறங்கி வண்டியை ஒட்டி நின்றார். வண்டியின் நிழல் எந்தப் பக்கமும் நீளாமல் சக்கரங்களுக்கு நடுவே கறுப்புப் பாயாக மடங்கிக் கிடந்தது. அவருடைய நிழல் இரண்டு பாதங்களுக்கு அடியில் ஒளிந்திருந்தது. நிழல்கள் இல்லாததால் தெருவில் எல்லாமே தரையிலிருந்து சற்று விலகி மிதப்பதுபோல் தோன்றும் அந்த விசித்திரம், இடுப்பளவில் பிடித்து எடுத்த அந்தப் படத்தில் முழுமையாக வந்திருக்கிறது. எடுப்பதைப் பார்த்துவிட்ட அவர், "என்னா சார், வண்டி நம்பரு எடுக்குறியா?" என்றார். படத்தைக் காட்டியதும் சிரித்தார். பக்கத்துக் கடைப் பையன்தான், "சாரு பேப்பர்காரரு இல்லண்ணே, சும்மா வந்திருக்காரு" என்று எனக்காகச் சாட்சி சொன்னான்.

ஒரு மணிக்கெல்லாம் நிழல்கள் கிழக்கே நீளத் தொடங்கிவிட்டன. பேட்டரியும் தீர்ந்தது. கேமரா நிறுவனத்தின் கணக்குப்படியே ஒரு பேட்டரிக்கு 200 படங்கள்தான். இரண்டாவதைப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.

ஏப்ரல் 25. எழும்பூர்

மாலை ரயிலுக்கு முன் அரசு அருங்காட்சியக வளாகத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். 1850களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசுக்காக மதுரையையும் தஞ்சாவூரையும் ஒளிப்படம் எடுத்த லின்னேயஸ் டிரைப் நினைவுக்கு வந்தார். மெழுகேற்றிய காகித நெகட்டிவில் ஒரு படம் பதிய நெடுநேரம் பிடித்ததால், கோயில் பிராகாரங்களில் நடந்துபோன ஆட்கள் அவர் படங்களில் பதியவேயில்லை. கல் மட்டும் நிற்கிறது. என் பையில் இருக்கும் கருவி ஆளை மட்டுமே பார்க்கத் தூண்டுவதால், கட்டடங்களுக்காக மட்டும் ஒரு நாளை ஒதுக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் ஒதுக்குவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

ஆகஸ்ட் 18. ஜார்ஜ் டவுன்

இரண்டாவது நிழலில்லா நாள். இதற்காகவே பயணத்தை இந்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டேன் என்பதை மேலாளரிடம் சொல்லவில்லை. உச்சிவேளையில் மேகம் மூடிக்கொண்டது. தரையிலிருந்து தெறிக்கும் ஒளி இல்லாதபோது லிங்கிச் செட்டித் தெரு வெறும் நெரிசலாகவே இருந்தது. கோடவுன் தெருவுக்குப் போய்த் துணிக்கடைகளின் உள்ளே எடுத்தேன். பிரித்துப்போட்ட வெள்ளை வேட்டித் துணிகள் குழல்விளக்கின் ஒளியைத் திருப்பி விற்பனையாளர்களின் முகத்தில் வீசின. அந்தப் படங்கள் சுமாராக வந்திருக்கின்றன.

நவம்பர் நடுவில் அடுத்த பயணம். அப்போது சூரியன் தெற்கே இறங்கியிருக்கும். நண்பகலில்கூட ஆளின் நிழல் அவர் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலாக வடக்கு நோக்கி விழும். தம்புச் செட்டித் தெருவின் வட கோடியில் நின்று தெற்கே பார்த்தால் வருகிறவர்கள் எல்லோரும் எதிரொளியில், அதாவது வெயில் முதுகில் பட, வருவார்கள். மழை பெய்து விட்ட நாளாக அமைந்தால் ஈரச் சாலையும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கேமராவுக்கு நீர்த்தடுப்பு இல்லை என்பதால் குடை அவசியம். முகவரிடம் இம்முறை பதினோரு மணிக்குப் பதிலாக இரண்டு மணிக்கு நேரம் கேட்டிருக்கிறேன். "தாராளமா சாப்பிட்டுட்டே வாங்க சார்" என்றார்.