இளவேனிலுக்கு யார் கட்டியம் கூறுவது?

ஆண்டுதோறும் பெப்ரவரி 2ஆம் திகதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பங்ஸடோனி என்னும் சிற்றூரில், உயரத் தொப்பி அணிந்த கனவான்கள் சிலர் விடியற்காலையில் கூடி, பில் என்று பெயரிடப்பட்ட ஒரு கிரவுண்ட்ஹாக்கை வெளியே தூக்கிக் குளிர்காலம் எப்போது முடியும் என்று கேட்கின்றனர். கிரவுண்ட்ஹாக் அணில் குடும்பத்தைச் சேர்ந்தது; நிலத்தில் வளை தோண்டி, குளிர்காலத்தை உறங்கியே கழிப்பது. அது தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரங்களுக்கு நீடிக்கும் என்றும், காணாவிட்டால் இளவேனில் முந்தி வரும் என்றும் நம்பப்படுகிறது. 1887 முதல் அங்கே நடந்துவரும் இச்சடங்கின் காணொளி, பனியையே கண்டிராத திருகோணமலையில் எங்கள் கைபேசிகளுக்கும் தவறாமல் வந்து சேர்கிறது.

கூர்ந்து பார்த்தால், இந்தச் சடங்கில் விலங்குக்கு வேலையே இல்லை. நிழல் விழுவதும் விழாததும் வானத்தைப் பொறுத்தவை. பெப்ரவரி 2 கிறிஸ்தவர்களின் மெழுகுதிரித் திருநாள். அன்று வானம் தெளிந்திருந்தால் குளிர் நீடிக்கும் என்பது ஐரோப்பியக் குடியானவர்களின் பழைய கணிப்பு. அதற்கு ஓரளவு காரணமும் உண்டு, ஏனெனில் வட ஐரோப்பாவில் குளிர்காலத் தெளிவான வானம் பெரும்பாலும் உலர்ந்த கடுங்குளிரோடு சேர்ந்தே வரும். ஜேர்மன் மொழி பேசியோர் இந்தக் கணிப்போடு தரைக்கரடி (பாட்ஜர்) என்னும் வளைவாழ் விலங்கைச் சேர்த்தார்கள். பென்சில்வேனியாவில் குடியேறிய அவர்களது வழித்தோன்றல்கள் அதனிடத்தில் கிரவுண்ட்ஹாக்கை வைத்தார்கள். பெப்ரவரி 2இலிருந்து ஆறு வாரங்களை எண்ணினால் மார்ச் நடுப்பகுதி வரும். பகலும் இரவும் சமமாகும் நாள் அதற்குச் சில நாட்களே அப்பால் என்பதால், விலங்கு எதைச் சொன்னாலும் நாட்காட்டி தன் வழியே போகும். அமெரிக்க வானிலை ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது பில்லின் வாக்கு பாதியளவுகூடப் பலிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஆண் கிரவுண்ட்ஹாக் பெப்ரவரியில் உண்மையிலேயே உறக்கம் கலைந்து, பெண் விலங்குகளின் வளைகள் எங்கே உள்ளன என்று பார்த்துவிட்டு மறுபடி உறங்கப் போவதுண்டு. சொல்வதற்கு அதனிடம் ஒரு செய்தி இருக்கிறது. கனவான்கள் அதைக் கேட்பதில்லை.

ஹங்கேரியில் இதே நாளில் கரடியின் நிழலைப் பார்ப்பார்கள். ஸ்கொட்லாந்தில் முந்தைய நாளான புனித பிரிஜித் திருநாளில் வளையிலிருந்து பாம்பு வெளிவரும் என்பார்கள். எனக்குப் பிடித்தது பண்டைய கிரேக்கரின் வழக்கம்தான். ரோட்ஸ் தீவில் தகைவிலான் குருவி வந்துவிட்டது என்று சிறுவர்கள் வீடு வீடாகப் பாடிச் சென்று தின்பண்டம் கேட்டார்கள். அங்கே பறவையிடம் யாரும் ஆரூடம் கேட்கவில்லை. அது வந்த பின்னரே பாட்டுத் தொடங்கியது.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். இங்கே மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றும் மழையும் கொந்தளிக்கும் கடலும்தான். அவை ஓய்ந்து வெயில் நிலைப்பதே எங்களுக்கு இளவேனில். பங்குனியில் வேம்பு பூக்கத் தொடங்கும் வேளையில் குயிலின் குரல் கேட்கும். முதலில் தணிந்து தொடங்கி, ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு படி உயர்ந்து, இனி மேலே போக இடமில்லை என்னும் நிலையில் சட்டென்று அறுந்து, சற்றுக் கழித்து மீண்டும் அடியிலிருந்து தொடங்கும். கரிய உடலும் சிவந்த கண்ணும் கொண்ட ஆண் குயில் இலைகளுக்குள் அசையாமல் இருக்க, புள்ளி போட்ட பெண் குயில் பக்கத்து மரத்தில் வேறொரு கரகரத்த குரலில் பதில் சொல்லும். சித்திரைப் புத்தாண்டு நெருங்கிவிட்டது என்று நாமும் சொல்கிறோம். சிங்கள அயலவர்களும் கோஹா கூவிவிட்டது என்கிறார்கள். இந்த ஒரு சகுனத்தில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

ஆனால் குயில் கவனிப்பது பஞ்சாங்கத்தை அல்ல, காகத்தை. தான் கூடு கட்டாமல் காகத்தின் கூட்டிலேயே முட்டையிடும் பறவையாதலால், அதன் இனப்பெருக்க காலம் காகத்தினுடையதோடு ஒத்துப்போக வேண்டும். ஆகவே குயிலை நம்புகிறவர்கள், தங்களை அறியாமலே, சுள்ளி பொறுக்கும் காகத்தையும் நம்புகிறார்கள் என்பேன். வீட்டில் அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் தேவைப்படுவதில்லை. குயில் கூவிய வாரத்தில் வேம்பின் கீழ் பாயை விரித்து, உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளி, காம்பும் தூசியும் போகப் புடைத்து, உழுந்தும் செத்தல் மிளகாயும் சேர்த்து வடகம் தட்டத் தொடங்குவார். மழை வந்து பூஞ்சணம் பிடிக்குமோ என்ற கவலை அப்போது அவருக்கு இருப்பதில்லை.

குயிலைவிட நம்பத் தகுந்தது ஆறுமணிக்குருவி என்பது என் எண்ணம். பச்சை முதுகும் கண்ணை ஊடறுக்கும் கறுப்புக் கோடும் வாலடியில் சிவப்பும் கொண்ட இச்சிறு பறவை, இந்தியாவிலிருந்து ஒக்டோபர் வாக்கில் இலங்கைக்கு வந்து, விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை அடித்துக்கொண்டு, தோட்டத்துச் சருகுகளைக் கிளறிப் புழு தேடும். ஏப்ரல் மாதத்துக்குள் அது வடக்கே திரும்பிவிடும். குயில் மற்றக் காலங்களிலும் இங்கேயே இருக்கிறது, சில வேளை காலம் தப்பியும் கூவும்; ஆறுமணிக்குருவியோ ஊரை விட்டே போய்விடுகிறது. அதன் குரலை யாரும் தேடாததால்தான் அது நின்றதையும் யாரும் சகுனமாகக் கொள்வதில்லை.

கரைவலை இழுப்பவர்கள் இவை இரண்டையும் பொருட்படுத்துவதில்லை. காற்று மாறிக் கடல் அடங்கிய பிறகு, ஆலா என்னும் கடற்பறவைகள் எந்தத் திசையில் கூட்டமாக வட்டமிட்டுப் பாய்கின்றன என்பதே அவர்களுக்கு வேண்டிய செய்தி. அந்தப் பறவைகளுக்குக் கீழே சூடை மீனோ கீரி மீனோ இருக்கும். உப்புவெளிக் கரையில் ஒரு சம்மாட்டியிடம், அதாவது வலைச் சொந்தக்காரரிடம், குயிலைப் பற்றிக் கேட்டேன். குயில் கூவினால் மாம்பழம் வரும், மீன் வராது என்றார்.