மாமாவின் ஜிபிஎஸ், அம்மாவின் மாத்திரை

எங்கோ யாரோ எதையோ ஆராயப்போய் வந்தவை எங்கள் வீட்டிலும் இரண்டு இருக்கின்றன. குளச்சல் மாமா இடம் காட்டும் ஜிபிஎஸ் கருவி இல்லாமல் வள்ளத்தை இறக்க மாட்டார். மீன் பட்ட கடலடிப் பாறைத்திட்டுகளை எல்லாம் அதில்தான் குறித்து வைத்திருக்கிறார், கேட்டால் காட்டமாட்டார், அது வேறு கதை. 1957-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர், சோவியத் ஒன்றியம் விட்ட முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கின் பீப் சத்தத்தைச் சும்மா ஆர்வத்தில் கேட்கப்போய்த்தான், செயற்கைக்கோளை வைத்து இடம் கண்டுபிடிக்கும் யோசனையே வந்தது.

அப்புறம், இதய வால்வு மாற்றிய அம்மா ராத்திரி போடும் வார்ஃபரின், ரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுக்கும் மாத்திரை. பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்ததால், விஸ்கான்சின் விவசாயி ஒருவர் 1933-இல் ஒரு பால்கேன் நிறைய ரத்தத்தோடு பல்கலைக்கழகத்துக்கே போய் நின்றார். அங்கே தொடங்கிய ஆய்வில் வந்த வார்ஃபரின் முதலில் எலி மருந்து, பிறகுதான் மாத்திரை!

அம்மாவிடம் எலிக்கதையை நான் இன்னும் சொல்லவில்லை. மாத்திரையின் வேலை மாறிவிடும், முருங்கைக்கீரையை இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்துச் சாப்பிடக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கே கோபமாக இருக்கிறார்.