சாபம் போட்டது யார்?

செப்டம்பர் 21, 2025, ஞாயிறு

என் பேஸ்பால் நாவலின் முதல் அத்தியாயம் முடிந்தது. மாசசூசெட்ஸில் ஆற்றோரம் ஒரு பஞ்சாலை ஊர். கற்பனை ஊர்தான். ஆலைத் தொழிலாளிகளின் பேஸ்பால் அணி ஒன்று. மைதானம் போடுவதற்காக ஒரு கிழவியின் வீட்டை இடிக்கிறார்கள். அவள் மண்ணை வாரித் தூற்றி, "இந்த இடத்துல நீங்க ஜெயிக்கவே மாட்டீங்க" என்கிறாள். எழுதும்போது எனக்கே புல்லரித்தது. மனைவி படித்துவிட்டு, "பாஸ்டன் பக்கம் துர்வாசருக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். அப்புறம் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

செப்டம்பர் 24, புதன்

அவள் கேட்டது மூன்று நாளாக உறுத்துகிறது. நம் கதைகளில் சாபம் என்றால் சபித்தவர் ஒருவர் இருப்பார். பாஸ்டனின் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணிக்குப் பேப் ரூத்தின் சாபம் என்று ஒரு கதை உண்டு. அதில் அப்படி யாருமே இல்லை!

1918 வரை ரெட் சாக்ஸ் 5 முறை உலகத் தொடரை, அதாவது அமெரிக்க பேஸ்பாலின் பெரிய கோப்பையை, வென்ற அணி. நியூயார்க்கின் யாங்கீஸ் அதுவரை ஒன்றுகூட வெல்லவில்லை. 1919 டிசம்பரில் ரெட் சாக்ஸ் முதலாளி ஹாரி ஃப்ரேஸி, தன் நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றார். ரூத் அழவில்லை, யாரையும் சபிக்கவில்லை. போன இடத்தில் முதல் வருடமே 54 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். அதன்பின் யாங்கீஸ் கோப்பைகளாக அள்ளியது. ரெட் சாக்ஸ் 1918 கோப்பைக்குப் பிறகு அடுத்ததுக்கு 86 வருடம் காத்திருந்தது.

ஆனால் 'சாபம்' என்ற பேச்சு பரவலானது 1986க்குப் பிறகுதான். அந்த வருடம் உலகத் தொடரில் மெட்ஸ் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், ரெட் சாக்ஸின் பில் பக்னரின் கால்களுக்கு நடுவே பந்து உருண்டு போனது. பந்து அவரைத் தாண்டும் முன்பே ஆட்டம் சமநிலைக்கு வந்துவிட்டது. ஏழாவது ஆட்டம் வேறு பாக்கி இருந்தது. அதையும் அணி தோற்றது. பழி மட்டும் பக்னர் தலையில் விழுந்தது.

யாங்கீஸ் ரசிகர்கள் சாபம் விடுவதெல்லாம் இல்லை. 2004ல் ரெட் சாக்ஸ் மறுபடி ஜெயிக்கும்வரை, அங்கே ஆடப் போனால் "நைன்டீன் எய்ட்டீன்!" என்று கோஷம் போடுவார்கள். வெறும் ஒரு வருடம். இதைவிடக் குரூரமான சாபம் எனக்கு எழுத வராது.

கதையிலிருந்து கிழவியை அடித்துவிட்டேன். பதினோரு பக்கம் போச்சு.

செப்டம்பர் 27, சனி

என் கதையில் ஷார்ட்ஸ்டாப்பாக ஃபீல்டிங் செய்யும் பையன் பந்தைப் பிடிக்கும் முன் மூன்று முறை தொப்பியைத் தொடுவான் என்று எழுதியிருந்தேன். தப்பு.

ஜார்ஜ் க்மெல்ச் என்ற மானிடவியலாளர், தானே மைனர் லீகில், அதாவது கீழ்மட்டத் தொழில்முறைப் போட்டிகளில், ஆடியவர், இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பசிபிக்கின் ட்ரோப்ரியண்ட் தீவு மீனவர்களைப் பற்றி மலினோவ்ஸ்கி என்ற பழைய மானிடவியலாளர் சொன்னதை அவர் பேஸ்பாலுக்குக் கொண்டுவருகிறார். அமைதியான காயலில் மீன் பிடிக்கப் போகும்போது அவர்களுக்கு மந்திரம் வேண்டாம். நடுக்கடலுக்குப் போனால் சடங்கு மேல் சடங்கு. பேஸ்பாலில் ஃபீல்டிங்தான் காயல், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முறை பந்து கையில் நிற்கும். பேட்டிங் நடுக்கடல். பத்துக்கு மூன்று அடித்தாலே பெரிய ஆட்டக்காரர்.

வேட் பாக்ஸ் தினமும் ஆட்டத்துக்கு முன் கோழிக்கறிதான் சாப்பிடுவார். சரியாக 5:17க்குப் பேட்டிங் பயிற்சி, 7:17க்கு ஓட்டம். ஒவ்வொரு முறை பேட் பிடிக்கும்போதும் மண்ணில் ஓர் எபிரேயச் சொல்லை எழுதுவார். அவர் யூதர்கூட இல்லை. 1986 தோல்வியில் அவரும் பாஸ்டன் ஆட்டக்காரர். கடைசியில் 1996ல் உலகத் தொடரை வென்றார், யாங்கீஸ் சட்டையில். நான் கற்பனையாக எழுதியிருந்தால் மனைவி நம்பியிருக்க மாட்டாள்.

தொப்பி சமாச்சாரத்தை ஷார்ட்ஸ்டாப்பிடமிருந்து பிடுங்கி, பந்து வீசும் பிட்சருக்குக் கொடுத்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஒசாகா கதையில் ஒரு மணி நேரம் போனது. 1985ல் ஹான்ஷின் டைகர்ஸ் என்ற ஜப்பான் பேஸ்பால் அணி ஜெயித்த கொண்டாட்டத்தில், ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஜாடையிலும் இருந்த ரசிகர்கள் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தார்கள். அந்த அணியில் ஆடிய அமெரிக்கரான தாடிக்கார ராண்டி பாஸ் ஜாடையில் ஆள் கிடைக்கவில்லை. கேஎஃப்சி வாசலில் நின்ற கர்னல் பொம்மையைத் தூக்கிப் போட்டார்கள், அதற்கும் தாடி இருக்கிறதே என்று! அந்தக் கர்னலின் சாபமாம், பிறகு ஜப்பான் தொடர் கோப்பை அவர்களுக்கு மீண்டும் கிடைத்தது 2023ல்தான். 2009ல் பொம்மையை வெளியே எடுத்தபோது கண்ணாடியும் இடது கையும் காணோம்.

இதைச் சொல்கிறவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். என் ஊர்க்காரர்களும் கொஞ்சம் சிரிக்க வேண்டும். இதுவரை எல்லோரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மூன்று ஆட்டம் கொண்ட வைல்ட் கார்டு சுற்று, ரெட் சாக்ஸுக்கு முதல் ஆட்டம், நியூயார்க்கில், யாங்கீஸுடன். சாப்பாட்டு மேசை நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். காரணம் ஒன்றுமில்லை, சோபாவில் துணி காய்ந்துகொண்டிருந்தது. 3-1 என்று ஜெயித்துவிட்டோம்.

அக்டோபர் 1, புதன்

சோபா காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஜன்னலோர நாற்காலி, அதே சாம்பல் நிற டி-ஷர்ட். காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும் எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் உட்கார்ந்தேன். எட்டாவது இன்னிங்ஸில் முதல் பேஸிலிருந்து ஒருவர் ஒரே மூச்சில் ஓடி வந்து ரன் எடுத்தார். 3-4. அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்திருந்தேன். மனைவியிடம் அதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

0-4. சீசன் முடிந்தது.

எட்டு இன்னிங்ஸ் வீசி, 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி நம்மை வெளியே அனுப்பிய யாங்கீஸ் பிட்சர் கேம் ஷ்லிட்லர். வயது 24. ஊர் வால்போல், பாஸ்டனுக்குப் பக்கத்து ஊர். ரூத்தையாவது விற்றார்கள். இந்தப் பையனை யாரும் விற்கவில்லை, விரட்டவில்லை. யாங்கீஸ் எடுத்துக்கொண்டது, அவன் போனான்.

வயிறு எரிந்தது. பத்து நிமிடம் கழித்து நோட்டை எடுத்தேன். எதிரணிக்கு இவ்வளவு நாளாக எனக்கு முகமே கிடைக்கவில்லை. மீசை முறுக்கும் முதலாளி ஒருவரை வைத்திருந்தேன். இப்போது எதிரணி பிட்சர் நம் தெருப் பையன். அவன் அம்மா இன்னும் இதே ஊரில், இதே ரொட்டிக் கடையில் வரிசையில் நிற்கிறாள். ஆட்டம் முடிந்த மறுநாள் அவளிடம் யார் என்ன பேசுவார்கள்?

அக்டோபர் 5, ஞாயிறு

புது முதல் அத்தியாயம். வெளியூர் மைதானம். எங்கள் ஆட்கள் கடைசியாக ஜெயித்த வருடத்தை அந்த ஊரே கத்துகிறது. அப்பா தோளில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பையன் ஒருவன், எண் புரியாமலேயே விரல்களைக் காட்டிக் கத்துகிறான். கையில் பாதி தின்ற ஆப்பிள். என் பிட்சர் அவனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். பந்து வீசும் மேடு நோக்கிப் போகிறவன் சுண்ணாம்புக் கோட்டருகில் வந்ததும் நின்று, காலைத் தூக்கித் தாண்டி வைக்கிறான். நேற்றுவரை மிதித்துக்கொண்டு போனவன்.

மனைவி படித்தாள். "ஆப்பிள் பையன் நல்லா இருக்கான்" என்றாள். பிறகு நாற்காலியைக் காட்டி, "இதை எப்போ மேசைக்குக் கொண்டுவரப் போறீங்க?" என்றாள்.

அணிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.